ராணி தொடக்கூடாத தொட்டி

"கைய எடுடி ராணி! தொட்டியத் தொடாத. அது தேவகி வேல!"

சொக்கம்மாள் போட்ட சத்தத்தில், தொட்டியில் குளித்துக்கொண்டிருந்த மைனாக்கள்கூட எழும்பிப் பறந்தன. குடத்தைச் சாய்க்கப் போன மகள் ராணியம்மாள், விட்டால் போதுமென்று வீட்டுக்குள் போய்விட்டாள். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். பாதி நாள் இங்கேதான்.

மருமகள் தேவகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாக இதே கூத்து. தோட்டத்து முருங்கையடியில் பறவைகளுக்கென்று ஒரு கல்தொட்டியைப் போட்டாலும் போட்டாள் மாமியார், தினமும் தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்து, பழைய தண்ணீரைக் கொட்டி, கிணற்றில் இறைத்துப் புதுசாக ஊற்ற வேண்டும். குருவி முழுகாமல் நிற்க நடுவில் கூழாங்கல் வேறு. அதோடு விட்டாளா? ஊற்றியதும் "கா... கா..." என்று தொண்டை கிழியக் கூப்பிடவும் வேண்டும். எல்லாம் தேவகியேதான். மகளுக்கு விரல் நோகக் கூடாது, மருமகளுக்கு முதுகே ஒடியலாம்!

ராணியம்மாள் தன் மகளைத் தம்பிக்குக் கட்ட நினைத்திருந்தாள். தம்பியோ பக்கத்துப் பெருநகர் கிராமத்துக்குப் போய் தேவகியைக் கட்டிக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து, 'எங்கம்மாவுக்கு இவளப் புடிக்கவே இல்ல' என்று உத்திரமேரூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அது நிஜமென்றால் இந்த வீட்டில் ஒரு நாளும் இருப்பதில்லை என்று தேவகி முடிவு கட்டியிருந்தாள். கேட்க வேண்டியதை இன்று கேட்டுவிட வேண்டியதுதான்.

"அத்தே, என்னப் புடிக்கலன்னா நேரா சொல்லிடுங்க. பன்னெண்டு மணி பஸ்ஸுக்கு எங்க வூட்டுக்குப் போய்க்கினே இருக்கேன்."

"போயிட்டா காக்காவ யாரு கூப்புடறது?"

"இன்னா, ஒங்க பொண்ணு கூப்ட்டா வராதா?"

"வரக்கூடாது" என்றாள் சொக்கம்மாள், கொஞ்சமும் அசராமல்.

மாமியார் வீட்டுப்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"செங்கல்பட்டு ஆஸ்பத்திரில, நான் தை தாண்ட மாட்டேன்னுட்டாங்க. யாருக்கும் சொல்லல. எனக்குப் பதினாறாம் நாளு நீதான் காக்காவுக்குச் சோறு வெப்பே. அது வர்லன்னா, 'பாத்தீங்களா, செத்தும் எங்கம்மாவுக்கு மருமவ மேல மனசு ஆறல'ன்னு ராணி ஊரக் கூட்டுவா, ஊரும் நம்பும். அதான்டி, மூணு மாசமா நீ கூப்புடறதத் தவிர வேற யாரு கூப்புடற குரலும் அதுங்க காதுல உழாம பாத்துக்கினு கீறேன்."