முதல் நாற்காலி

காலை பத்து மணி வெயிலில் தாராவி ஊர்ச் சங்கத்தின் தகரக் கூரை காய்கிறது. டிவி சத்தம் சந்து முனைவரை கேட்கிறது. ரயிலில் குண்டு வெடித்த அன்று முருகம்மாளுக்குப் புருஷனும் போனான், வலது காதும் போயிற்று. அவள் வந்து உட்கார்ந்தால் மட்டும் இவ்வளவு சத்தம். அந்தக் குண்டை வைத்த இயக்கத்தோடு அரசாங்கம் இன்று பேச்சுவார்த்தை நடத்துகிறது. திரையில் நீள மேஜை, வெள்ளைத் துணி, பூச்சாடி. மந்திரி எழுந்து கை கொடுக்கிறார். இயக்கத் தலைவன் பல் தெரியச் சிரிக்கிறான். முருகம்மாள் விற்கக் கொண்டுவந்த இட்லித் தூக்கைத் தரையில் வைக்கிறாள்.

"பேசட்டும்மா. பேசுனாத்தான இனிமே எவனும் சாவ மாட்டான்" என்கிறார் சங்கத் தலைவர் பூதத்தான்.

"பேசட்டும் அண்ணாச்சி, நானா வேண்டாங்கேன்? இந்தச் சங்கத்துல எத்தனை வழக்குப் பேசி முடிச்சிருக்கீய! அடிபட்டவன முதல் சேர்ல உக்கார வச்சு, அவன் சொல்லி முடிச்ச பொறவுதான அடிச்சவன் வாயத் தொறக்கணும்? அங்க என் சேர் எங்க?"

பூதத்தான் திரையைப் பார்க்கிறார். மேஜையின் இருபுறமும் கோட்டுகள், தண்ணீர் பாட்டில்கள். காலி இடமே இல்லை. அவள் சுவரோரம் அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை உருவுகிறாள். தரை கிறீச்சிட இழுத்து வந்து, டிவிக்கு ஒரு முழம் முன்னால் போட்டு, நல்ல காதைத் திரைப்பக்கம் திருப்பி உட்காருகிறாள்.

"உக்காந்துட்டேன். இப்ப எங்கிட்டக் கேக்கச் சொல்லுங்க."

திரையில் டீ பரிமாறுகிறார்கள்.