பாட்டு நிற்கும் இடம்

ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரச் சேமக்காலை மண்டபத்தில், அடக்கத்துக்கு முன், மகன் லக்ஸனின் சவப்பெட்டியருகே ஞானமலர் நிற்கிறாள். செபமாலை முடிந்துவிட்டது. இந்த ஊர் வழக்கப்படி, போனவனுக்குப் பிடித்த பாட்டைப் போடுகிறார்கள். வருடக்கணக்காக அவன் அறைக்கதவை அதிரவைத்த ஜப்பான்காரரின் ‘ஸ்கா’ என்ற துள்ளல் வாத்தியப் பாட்டு. ட்ரம்பெட்டுகள் துள்ளுகின்றன. பின்வரிசையில் யாருடைய சப்பாத்தோ தாளம் போட்டு, வெட்கப்பட்டு அடங்குகிறது. ஜன்னல் வெயிலில் மெழுகுதிரியின் சுடர் தெரியவேயில்லை. “செத்தவீட்டில இதென்ன கூத்து? நிப்பாட்டச் சொல்லுங்கோ அக்கா,” என்கிறாள் தங்கை பிறின்சி. “பொறு. இப்ப ஒருக்கா நிக்கும். அந்த இடத்திலதான் அவன் ‘ஹோய்’ எண்டு கத்துவான்.” பாட்டு நிற்கிறது. ஞானமலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியையே பார்க்கிறாள். ட்ரம்பெட்டுகள் அவனுக்காகக் காத்திராமல் மறுபடி தொடங்கிவிடுகின்றன.