தானே தூக்குகிற டைப்ரைட்டர்

சிராங்கூன் சாலைக் கடையில் இரண்டு பழைய டைப்ரைட்டர்கள் இருந்தன. ஒன்று கனத்த இரும்பு, விலை மலிவு. மற்றது கைப்பெட்டிக்குள் அடங்கும் சின்னது, விலை இரட்டிப்பு.

“இரும்பையே எடுத்துக்கம்மா. காலத்துக்கும் உழைக்கும்,” என்றார் லாசரஸ்.

“சின்னதுதான்பா வேணும். டைப்பிங் ஸ்கூலுக்குக் கொண்டு போகணும்லா,” என்றாள் இருபது வயது மகள் ஜோன்.

“தஞ்சோங் பகார் ஸ்டேஷன்ல ஊரார் மூட்டையெல்லாம் தூக்குற போர்ட்டர் நான். உன் மெஷினைத் தூக்க மாட்டேனா?”

“வேணாம்பா. நானே தூக்கிக்குவேன்.”

அப்பன் மேல் எவ்வளவு கரிசனம்! லாசரஸ் உருகிப்போய்ச் சின்னதையே வாங்கினார். பெட்டி மூடியில் தன் கையாலேயே சகாய மாதா படம் ஒட்டினார். துண்டு விழுந்த பணத்துக்காகச் சனிக்கிழமை விடுமுறையிலும் வேலைக்குப் போனார். தெரிந்தால் மகள் வருந்துவாளே என்று, நொவீனா ஜெபத்துக்குப் போவதாகச் சொல்லிவைத்தார்.

மூன்றாவது சனிக்கிழமை. கோலாலம்பூர் ரயில் புறப்படும் நேரம். ஓர் இளைஞன் ஓடி வந்தான்.

“அங்கிள், இந்த சாமானையெல்லாம் ஏத்துங்க. சீக்கிரம்லா! ஒய்ஃப் உள்ள உக்காந்திருக்காங்க.”

லாசரஸ் சூட்கேஸைத் தலையில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த சின்னப் பெட்டியின் பிடியைப் பற்றினார். மூடியில் சகாய மாதா இருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலோரப் பெண் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“என்ன அங்கிள், ரொம்பக் கனமா?”

லாசரஸ் அந்தப் பெட்டியை மட்டும் கீழே வைத்தார்.

“இதை அவங்களே தூக்கிக்குவாங்க, தம்பி.”