திரும்பிப் பார்க்காமல்

“ஒம்பது நாளாச்சும்மா! நாளைக்குக் குதிரைக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போற வண்டியில அது ஏறவே மாட்டேங்குது. நீ உள்ள உக்காந்து முதுகைக் காட்டிட்டு பேப்பர் படிக்கறே. கயித்தைப் பிடிச்சு இழுத்துடேன்!” என்றாள் மகள்.

குதிரை பழக்குவதுதான் அம்மாவின் தொழில். அவள் திரும்பவில்லை.

“இழுத்தா பயம்தான் கூடும். நான் பாட்டுக்கு இருந்தா, அதுவா வரும்.”

சற்று நேரத்தில் வண்டிப் பலகையில் குளம்புச் சத்தம் கேட்டது. மிரண்ட குதிரை மெல்ல உள்ளே வந்து, அம்மாவின் தோளில் மூக்கை வைத்தது. அப்போதும் அவள் அடுத்த பக்கத்தைத்தான் புரட்டினாள்.

மகள் மெதுவாகக் கேட்டாள்.

“அப்பா உன்னைக் கட்டிக்கிட்டு வந்த புதுசுல, தினமும் என் ரூம் வாசல்ல முதுகைக் காட்டி உக்காந்து துணி மடிப்பியே... அதுவும் இதுதானா?”

“ம்.”

“நான் அம்மான்னு கூப்பிட எத்தனை நாளாச்சு?”

“ரெண்டு வருஷம்டி. குதிரை எவ்வளவோ தேவலை.”