லின்சிக்கு வந்த வரன்

"உங்க மக லின்சிக்கு நல்ல வரன் இருக்கும்மா" என்று எவளோ போனில் சொன்னதும், சவரியம்மாள் நேரே திருக்காட்டுப்பள்ளி கடன் கம்பெனிக்குப் போய் நின்றாள்.

"எங்க வீட்டு விவரத்தை இனிமே எவனுக்கும் குடுக்கக் கூடாது!"

மேனேஜர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இங்கேருந்து ஒரு எழுத்து வெளிய போகாது. மாதா கோயில்ல, கடைத்தெருவுல நீங்களே உளறியிருப்பீங்க."

"கடன் வாங்கறப்ப, வீட்ல யார் யாருன்னு உங்க ஆளு கேட்டாரு. நானும் லின்சியும்தான்னேன். அவராவே மகள்னு எழுதிக்கிட்டாரு. உங்க கம்பெனியத் தவிர, ஊர்ல எவனும் லின்சிய என் மகள்னு சொல்லமாட்டான்."

"அப்ப யாரு அது?" என்று மேனேஜர் இளித்தார்.

"என் பசுமாடுய்யா! மாப்பிள்ளைய வரச்சொல்லுங்க. வைக்கோல் போட்டு விருந்து வைக்கிறேன்."