பிரேக் எந்தப் பக்கம்?

“லிப்டுல ஆளுங்க யாரும் ஏறுறதில்லையே?”

மெக்கானிக் ஆல்வின் சாதாரணமாகத்தான் கேட்டார். வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த மகேஸ்வரி காதைத் தீட்டிக்கொண்டாள்.

“யாரு ஏறுவா? சரக்கு மட்டுந்தான்,” என்றார் குடோன் முதலாளி வேலுசாமி. “ஏறினா வேலை காலின்னு போர்டே மாட்டியிருக்கேன்.”

“அப்ப புது பிரேக்கை மோட்டார் பின்னாடி மாட்டிரலாம்ண்ணே. சின்னதே போதும். என்ன, நடுவுல கியர் பல்லு ஒடைஞ்சா பிரேக் மோட்டாரைத்தான் பிடிக்கும். லிப்டுப் பெட்டி சரசரன்னு கீழ வந்துரும். மூட்டைதானே, போனாப் போகுது.”

“ஆளு ஏறினா?”

“கம்பி சுத்துற டிரம்முலயே பெரிய பிரேக்கா மாட்டணும். கியர் போனாலும் பெட்டி அந்தரத்துல நிக்கும்.”

வேலுசாமி தாடையைச் சொறிந்தார். “செத்த இருப்பா, யோசிப்போம்.”

யோசிக்க என்ன இருக்கிறது? சின்னதே போதும் என்றுதான் சொல்லப்போகிறார். மூட்டைக்குப் பின்னால் குத்தவைத்துக்கொண்டு தினம் நாலு தடவை லிப்டில் மேலே போகிறவள் மகேஸ்வரி. அவளாவது பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கண்ணம்மாளும் அப்படித்தான் போகிறாள், அஞ்சு மாத வயிற்றோடு.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்?

“மொதலாளி, நான் ஏறுறேன்.”

கண்ணம்மாள் குனிந்த தலை நிமிரவில்லை.

“என்னத்தா சொல்ற?”

“முட்டி வலிங்க. படி ஏற முடியல. மூணு மாசமா லிப்டுலதான் போறேன்.”

வேலுசாமி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். “போர்டு கண்ணுக்குத் தெரியலயா? நீ விழுந்து செத்தா நானா ஜெயிலுக்குப் போறது? சட்டதிட்டம்னு ஒண்ணு வேணாமா? கெளம்பு! நாளையிலிருந்து இந்தப் பக்கமே வராத!”

மகேஸ்வரி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அழுகை முட்டியது. கண்ணம்மாள் பேரைச் சொல்லாமல் வந்ததில் மட்டும் ஒரு நிம்மதி.

வாசல் தாண்டும்போது பின்னால் ஆல்வின் குரல் கேட்டது.

“அதான் ஏறுனவங்க போயிட்டாங்களேண்ணே. சின்ன பிரேக்கையே மாட்டிரவா?”

வேலுசாமி அவர் காதோரம் குனிந்தார். குசுகுசுவென்று பேசத் தெரியாத மனுசன், வாசல்வரை கேட்டது.

“வேணாம்ப்பா, பெருசையே மாட்டு. சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் நான் அதுலதான் மேல போறேன்.”