அப்பா நின்ற பக்கம்

தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு அவள் எட்டிப் பார்த்தாள். கூடத்தில் சண்டை இன்னும் ஓயவில்லை.

பதினாறு வயதிலேயே ஓட்டுரிமை தரலாமா, கூடாதா.

பள்ளியில் விவாதப் போட்டி. மகன் இசக்கிராஜ், தரலாம் என்ற பக்கம். அதனாலேயே அவன் அப்பா, கூடாது என்ற பக்கம்.

அவர் எப்போதும் அப்படித்தான். மகன் மழை வரும் என்றால் வெயிலடிக்கும் என்பார். வெளியே பேருந்து ஓட்டுநர். வீட்டுக்குள் எதிர்க்கட்சி.

"மொதல்ல மீசை மொளைக்கட்டும்ல. பொறவு முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்கலாம்."

"அம்மாவுக்கு மீசை இருக்கா? அவங்க ஓட்டுப் போடலியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"அவ நான் சொல்லுத சின்னத்துலதான போடுதா."

அது அப்படியில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த தோசைக்கு மாவை ஊற்றினாள்.

இசக்கிராஜ் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"உங்ககிட்ட பேசுததே வேஸ்ட்டுப்பா."

அவர் கை கழுவினார். காக்கிச் சட்டையை மாட்டினார். போய்விட்டார்.

மதியம், பேருந்து நிலையத்தில் வண்டியை ஒழுங்காக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்தார்.

எழவில்லை.

மகன் அழவில்லை. மொட்டை போட்டுக்கொண்டான். கொள்ளி வைத்தான். சொன்னதையெல்லாம் செய்தான்.

பேச்சு மட்டும் இல்லை.

தட்டில் வைத்ததைத் தின்றான். கேட்டதற்குத் தலையாட்டினான். போட்டிக்குப் போகவில்லை.

எந்தச் சொல் அவன் தொண்டையில் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். அப்பா அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று அவர் எதை மனதில் வைத்துக்கொண்டு படியிறங்கினார் என்பது அவளுக்கும்தான் தெரியாதே.

காரியம் முடிந்து, உறவெல்லாம் கலைந்த பிறகு ஒருநாள் நயினார் வந்தார். கணவர் ஓட்டிய வண்டியின் கண்டக்டர்.

கொடுத்த தண்ணீரைக் குடித்தார். செம்பைக் கீழே வைத்தார். எதைப் பேசுவது என்று தெரியாமல் அந்த நாளையே பேசினார்.

"அன்னைக்கு டீக்கடையில எங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாரு மயினி. பதினாறு வயசுல ஓட்டுக் குடுத்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்காரு. எதுத்துப் பேசுன ஒருத்தனையும் விடலை. 'கரண்டு பில்லு கட்டுதது எம்மவன். ரேசன் கடையில மல்லுக்கட்டுதது எம்மவன். ஓட்டு மட்டும் எனக்கா வே?'ன்னு கேக்காரு."

சுவரைப் பார்த்திருந்தவன் திரும்பினான்.

"எந்தப் பக்கம் பேசுனாங்க?"

"ஒம் பக்கந்தாம்ல. வேற எந்தப் பக்கம்? 'காலையில எம்மவன் என்னையே மடக்கிட்டாம்லா'ன்னு ஒரே சிரிப்பு. டீ ஆறிப்போச்சு, வேற வாங்கிக் குடுத்தேன்."

அப்போதுதான் அவன் அழுதான்.

அவள் போய் அணைத்துக்கொள்ளவில்லை. அழட்டும் என்று விட்டாள். நெடுநேரம் அழுதான். நயினார் தப்பாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

மூக்கை உறிஞ்சிவிட்டு அவன் நிமிர்ந்தான்.

"பில்லு கட்டுததெல்லாம் ஒரு பாயிண்டா சித்தப்பா? அப்போ பில்லு கட்டாதவனுக்கு ஓட்டு இல்லியா?"

"ஏல, அண்ணாச்சி சொன்னது அதில்லலா..."

"பின்ன எது?"

நயினார் விடவில்லை. அவனும் விடவில்லை. சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

சாவு வீட்டில் என்ன சத்தம் என்பார்கள்.

சொல்லட்டும். அவள் டீக்குப் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, அடுக்களைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அத்தனை நாளும் பாதியிலேயே நின்றிருந்த மூச்சு முழுதாக வெளியே வந்தது.

அன்று அவர்கள் இருவரும் ஒரு முடிவுக்கும் வரவில்லை.

நாட்டில் ஓட்டுப் போடும் வயது இன்றைக்கும் பதினெட்டுதான்.